கறுப்புத் தோலுக்குக் கிடையாது

அந்த அட்டையில் தமிழ் வரியை எழுதியவள் அனுசியாதான். மலாயிலும் சீனத்திலும் எழுதி முடித்த மேடம் லியோங், மார்க்கர் பேனாவை அவளிடம் நீட்டி, "உங்க எழுத்திலயும் எழுது. இல்லேன்னா படிக்கத் தெரியலைன்னு சொல்லி உள்ளே வந்துருவாங்க" என்று மலாயில் சொன்னாள். அனுசியா எழுதினாள்: கறுப்புத் தோலுக்குக் கிடையாது. மேடம் அதை லேசர் அறைக் கதவில் நாலு மூலையும் டேப் போட்டு ஒட்டினாள். ஏன் என்று சொல்லவில்லை. அனுசியாவும் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பன்னிரண்டாம் நாள் முதலாளியிடம் ஏன் என்று கேட்கிறவர்கள் பதின்மூன்றாம் நாள் வீட்டில் இருப்பார்கள்.

அழகு நிலையம் மலாக்கா டவுனில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடி. முன்னறையில் முடி வெட்டுவது, சாயம் போடுவது, முகத்துக்கு ஆவி பிடிப்பது. பின்னறையில் பச்சையை அழிக்கும் அந்த லேசர் மிஷின். துணி துவைக்கும் மிஷின் உயரம் இருக்கும். மேலே வளைந்த ஒரு கை, அதன் முனையில் பேனா மாதிரி ஒன்று. சிங்கப்பூரில் ஒரு டாக்டர் புதியது வாங்கிவிட்டுப் பழையதைத் தள்ளிவிட்டிருந்தார். அதை விற்க வந்தவன் இரண்டு நாள் தங்கி, முன்பு வேலை செய்த பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவள் கல்யாணமாகிப் போகும்போது ஒரே ஒரு பிற்பகலில் அனுசியாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். டாக்டரிடமிருந்து வியாபாரிக்கு, வியாபாரியிடமிருந்து முடி வெட்டுகிறவளுக்கு, அவளிடமிருந்து பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் பாதியில் நின்று, ஆயர் குரோ தொழிற்சாலையில் நாலு வருஷம் இரவு வேலை பார்த்த அனுசியாவுக்கு. படிப்பு அப்படி இறங்கி வந்தது. இதற்கு சர்டிபிகேட் வேண்டாமா என்று அவள் கேட்டாள். "முடி வெட்ட சர்டிபிகேட் வேணுமா என்ன?" என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டாள். இது நடந்தது தொண்ணூற்றைந்தில். அந்த மாடியில் வேறு பதில் யாரிடமும் இல்லை.

பச்சை குத்தியதை அழிக்க வந்தவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். பதினாறு வயதில் தோட்டத்தில் விளையாட்டாகக் குத்திக்கொண்டது, இருபத்தைந்தில் பிடரியைப் பிடிக்கும். பெண் பார்க்க வருகிறார்கள், மணிக்கட்டில் வேறொருத்தன் பெயர். வேலைக்கு இன்டர்வியூ, கழுத்தில் கழுகு. மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, கதவில் இருந்த அட்டையைப் படித்துவிட்டு அனுசியாவைப் பார்ப்பார்கள்.

"ஏன் தங்கச்சி, நீ மட்டும் வெள்ளைக்காரியா?" என்று ஒரு லோரி டிரைவர் கேட்டார்.

"முதலாளி சொல்றதுதாண்ணே. நான் என்ன செய்ய?"

"சீனத்தி கடையில ஒக்காந்தா ஒன் தோலு வெளுத்துருமா?" இது மகளைக் கூட்டிவந்த ஓர் அம்மா.

இன்னொருத்தன் அட்டையைப் படித்தான். கதவுக்கு முன்னால் துப்பிவிட்டுப் போனான். அதையும் அவள்தான் துடைத்தாள்.

இந்தியப் பெண்களின் தலைமுடியை அலசும்போது மேடத்தின் கை கூசாது. தீபாவளி நேரத்தில் ஒரே நாளில் இருபது தமிழ்த் தலைகளை மேடம் கழுவியிருக்கிறாள். அனுசியா இதை யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அட்டை என்ன சொல்கிறது என்பது கறுப்பாகப் பிறந்த எல்லோருக்கும் படிக்காமலே தெரியும், அவளுக்கும் தெரியும். தன் கையெழுத்தில் தன் சனத்தைத் திட்டி எழுதி வைத்திருக்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

அவளுடைய தம்பி நிவேந்திரனுக்கு வயது இருபத்து நாலு. வலது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு நாலு விரல் கீழே வரைக்கும் ஒரு தேள். பதினாறு வயதில், செம்பனைத் தோட்டத்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், தையல் ஊசி மூன்றைச் சேர்த்துக் கட்டி, சீனக் கடை மையில் தொட்டுக் குத்தியது. மொத்தம் நாலு பேர் குத்திக்கொண்டார்கள். ஒருத்தன் செத்துவிட்டான், இருவர் உள்ளே இருக்கிறார்கள். இவன் மட்டும்தான் சிமெண்டு மூட்டை தூக்கிக்கொண்டு வெளியே திரிந்தான். அந்த வருஷம் தீயணைப்புப் படைக்கு, ஊர்ப் பேச்சில் பொம்பாவுக்கு, மனுப் போட்டான். ஓடினான், கயிறு ஏறினான், ஆள் கனத்துப் பொம்மையைத் தோளில் போட்டு நூறு மீட்டர் நடந்தான். எல்லாவற்றிலும் தேறினான். கடிதம் வந்தது: இருபத்து நாலு நாளில் மருத்துவச் சோதனை. உடம்பில் பச்சை குத்தியிருந்தால் எடுக்கமாட்டோம்.

ரெம்பியாவைத் தாண்டி ஆறு மைல் உள்ளே அவர்கள் தோட்டம். அப்பா மருதமுத்து கடிதத்தை மூன்று முறை மடித்து மூன்று முறை பிரித்தார். முப்பது வருஷம் அண்ணாந்து செம்பனைக் குலை வெட்டிய கழுத்து, இப்போது ஒரு பக்கம் திரும்பாது. "சீருடை வேலை," என்றார். "கவர்மெண்டு வீடு, கோட்டர்ஸ் குடுப்பான்." தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஒரு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. லயத்து வீட்டில் எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது.

"ஒன் கடையிலதான மிஷின் இருக்கு?" என்றாள் அம்மா ராமாத்தாள்.

"நம்ம தோலுக்குப் போட மாட்டாங்கம்மா."

"யாரு?"

"மேடம். அட்டை போட்டிருக்காங்க."

"அட்டை எழுதினது நீதானாமே. பக்கத்து லயத்துக் கோமளா மக சொன்னா. அவளை நீதான் தொரத்தி விட்டியாம்." அம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியில் தட்டினாள். "ஊரான் கையெல்லாம் தொடச்சு விடுற. கூடப் பொறந்தவன் கை கறுப்பாப் போச்சு, இல்ல?"

"அப்பிடி இல்லம்மா."

"வேற எப்பிடி? சொல்லு, கேக்குறேன். அந்த மிஷின் சீனன்னா அழிக்கும், தமிழன்னா அழிக்காதா? மிஷினுக்கு சாதி இருக்கா?"

அதே கேள்வி அனுசியாவுக்கும் இருந்தது. நிவேந்திரன் வாசலில் மோட்டார் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். "விடும்மா," என்றான். "அக்கா வேலை போயிரும்." அவன் கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பாள். விடும்மா என்றான், அதனால் முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை மேடம் வரமாட்டாங்க," என்றாள். "சாவி எங்கிட்டதான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கீழே செருப்புக் கடை சாத்தியிருந்தது. அட்டை ஒட்டிய கதவை அவள் திறந்தபோது நிவேந்திரன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். "எழுத்து அழகா இருக்குக்கா."

"வாயை மூடிட்டுப் படு."

கண்ணுக்குப் போட ஒரே ஒரு கண்ணாடிதான் இருந்தது, இன்னொன்று உடைந்து மூன்று மாதம். அதை அவள் போட்டுக்கொண்டாள். அவன் கண்மேல் துண்டை நாலாக மடித்துப் போட்டாள். கையில் ஐஸ் வைத்துத் தேய்த்தாள். மிஷினில் ஒட்டியிருந்த தாளில் எந்த நிற மைக்கு எந்த எண் என்று எழுதியிருந்தது. எந்த நிறத் தோலுக்கு என்று எழுதவில்லை. விற்க வந்தவன் ஒரு மீன் வியாபாரியின் வெளுத்த கையில் செய்துகாட்டியபோது குறித்துவைத்த எண்கள் அவை. அவள் அதே எண்ணை வைத்தாள். மிதியை அழுத்தினாள். டப். சிவப்பு வெளிச்சம். தேளின் கொடுக்கு நுனி பால் மாதிரி வெளுத்தது.

"வலிக்குதா?"

"ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி இருக்கு. முடி பொசுங்குற நாத்தம் வருதே?"

"அது முடிதான்."

டப். டப். டப். ஒவ்வொரு அடிக்கும் கறுப்பு வெளுத்தது. அவள் உள்ளுக்குள் மேடத்தைத் திட்டிக்கொண்டே அடித்தாள். பார், அழிகிறது. எங்கள் தோலிலும் அழிகிறது. துப்பியவன், கேட்ட லோரி டிரைவர், கோமளா மகள் எல்லோருக்கும் சேர்த்து அழுத்தினாள். இருநூற்றுச் சொச்சம் அடியில் தேள் முழுக்க வெள்ளையாகி, பத்து நிமிடத்தில் சிவந்து வீங்கியது. அடுத்த நாலைந்து நாளில் பொருக்குக் கட்டி, பொருக்கு உதிர்ந்தபோது தேள் பாதி மங்கியிருந்தது. சுற்றிலும் தோல் திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தேளையே பார்த்தார்கள். அம்மா அனுசியாவுக்குக் கோழி அடித்தாள்.

இரண்டாவது முறைக்கு எட்டு வாரம் விட வேண்டும். முன்னால் இருந்த பெண் சொன்ன நாலு விஷயங்களில் அது ஒன்று, அனுசியாவுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் எட்டு வாரம் போனால் பொம்பா போய்விடும். பத்தாம் நாள், அடுத்த ஞாயிறைத் தாண்டி வந்த பொது விடுமுறையில், மறுபடி கூட்டிவந்தாள். உடலும் வாலும் பிடிவாதமாக நின்றன. எண்ணை இரண்டு படி ஏற்றினாள். இந்தத் தடவை அவன் ரப்பர் பேண்டு என்று சொல்லவில்லை. மேசைக் காலை இடது கையால் பிடித்துக்கொண்டு, "நிப்பாட்டாதே, முடிச்சிரு" என்றான். முடித்தாள்.

அன்று சாயங்காலமே கொப்புளங்கள் எழும்பின, ஐம்பது காசு அகலத்துக்கு. இரண்டாம் நாள் கட்டைப் பிரித்தபோது தோல் கட்டோடு வந்தது. அம்மா மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினாள், மேலே கோயில் திருநீறும் வைத்தாள். நாலாம் நாள் சீழ் வைத்தது.

விடுமுறை முடிந்த மறுநாளே மேடம் கண்டுபிடித்துவிட்டாள். எத்தனை அடி அடித்தது என்று எண்ணிக் காட்டும் சின்னக் கண்ணாடி ஒன்று மிஷினின் பக்கவாட்டில் இருந்தது. மேடம் மாதம் ஒரு தடவை அதைக் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்கிறாள் என்று அனுசியாவுக்குத் தெரியாது.

"ஐந்நூறு அடி கூட இருக்கு. யாரு?"

"என் தம்பி."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று அனுசியா எதிர்பார்த்தாள். மேடம் கத்தவில்லை. எழுந்துபோய், பணப்பெட்டிக்குக் கீழே இருந்த இழுப்பறையிலிருந்து ஒரு போட்டோ எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒரு கறுத்த தோள். அதில் தோல் உரிந்த இடத்தில் ஒரு வேல் வடிவம், சிவப்பாக, ஈரமாக.

"அப்புசாமி. பஸ் கண்டக்டர். நீ வர்றதுக்கு முன்னால. காசு குடுத்தேன், யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். அவன் சொல்லலை. அப்புறம்தான் அட்டை."

"அதுக்குத்தானா அட்டை?"

"வேற எதுக்கு?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல!" அனுசியாவின் குரல் முன்னறை வரைக்கும் போனது. "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? வர்றவங்க எல்லாம் என்ன நினைச்சாங்க தெரியுமா?"

மேடம் அவளை உண்மையிலேயே புரியாமல் பார்த்தாள். "கிடையாதுன்னா கிடையாது. நீ வேலைக்காரி. உனக்கு எதுக்குக் காரணம்?" போட்டோவைக் கையில் எடுத்து, "சொன்னா நீ நாலு பேர்கிட்ட சொல்லுவே. கடை போயிரும்" என்றாள்.

வேலையை விட்டு நீக்கவில்லை. வெளியே அனுப்பினால் வாய் திறப்பாள் என்ற பயம் மேடத்துக்கு. வாய் திறந்தால் ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்தது வெளியே வரும் என்ற பயம் இவளுக்கு. இருவரும் போட்டோவை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

மருத்துவச் சோதனை நாளில் நிவேந்திரன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். அனுசியா கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து, "அக்கா யாரு? உள்ளே வாங்க" என்றாள்.

டாக்டர் பவானேஸ்வரி நாற்பது வயதுக்காரர். கட்டைப் பிரித்து, நாற்றத்துக்கு முகம் சுளிக்காமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க தம்பி எண்ணெய் கொட்டிருச்சுங்கிறார். எண்ணெய் தேள் மாதிரியா கொட்டும்?"

நிவேந்திரன் தலையைத் தூக்கவில்லை.

"லேசரா?"

"ஆமாங்க டாக்டர்," என்றாள் அனுசியா.

"எந்தக் கடை?"

அனுசியா தம்பியைப் பார்த்தாள். டாக்டர் பஞ்சை எடுத்துச் சீழைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே, யாருக்கோ சொல்வது மாதிரி சொன்னார்: "அந்தச் சிவப்பு வெளிச்சம் கறுப்பைத் தேடிப் போகும். அதுதான் அதோட வேலை. குத்தின கறுப்பு எது, பொறந்த கறுப்பு எதுன்னு அதுக்குத் தெரியாது. வெள்ளைத் தோல்ல மை மட்டும் கறுப்பு. நம்ம தோல்ல எல்லாமே கறுப்பு. எல்லாத்தையும் அடிக்கும். பெரிய ஊர்ல தோல் டாக்டர்களே நமக்கு யோசிச்சு யோசிச்சுத்தான் தொடுறாங்க. முடி வெட்டுற கடையில இதைப் போட்டுட்டு ஒக்காந்திருக்காங்க."

"யாருகிட்ட புகார் சொல்றது டாக்டர்?" என்று நிவேந்திரன் கேட்டான்.

டாக்டர் புதுக் கட்டைச் சுற்றினார். "நான் இந்த மாதிரி ஒரு தப்பு செஞ்சா என்னை எங்க கொண்டுபோய் நிறுத்தலாம்னு எனக்குத் தெரியும். கடைக்காரங்களை எங்க நிறுத்தறதுன்னு தெரியலை. சட்டம் இருக்கான்னே தெரியலை." தாளில் எழுதினார். "இப்போ தகுதியில்லைன்னு போடுறேன். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை கூப்பிடுவாங்க. புண் ஆறி, கை சுத்தமா இருந்தா எடுத்துக்குவாங்க. அதோட முடிஞ்சது, மூணாவது வாய்ப்பு இல்லை."

மூன்று மாதம். வீடு முழுக்க அந்த மூன்று மாதத்தில் தொங்கியது. மருந்துக்கடைக் களிம்பு, ஆஸ்பத்திரி மாத்திரை, அம்மாவின் விரதம். கை ஆறிக்கொண்டு வந்தது. ஆறிய இடம் என்ன நிறத்தில் வருகிறது என்று எல்லோரும் பார்த்தார்கள்.

புகார் எழுதியது சேகரன். தோட்டத்துப் பள்ளியில் கிளார்க், கட்சிக் கிளையில் செயலாளர். மனு எழுதுவதென்றால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, பேனாவை மூடினார்.

"நீ செஞ்சேன்னு எழுதினா எவன் பார்ப்பான், தங்கச்சி? அக்கா தம்பி கையைச் சுட்டாள், இது குடும்பத் தகராறு லா, போய் வேலையைப் பாரும்பான். முதலாளி செஞ்சதா எழுதுவோம்."

"முதலாளி செய்யலைண்ணே. செய்யக் கூடாதுன்னுதான் சொன்னாங்க."

"அது இன்னும் நல்லது. அந்த அட்டை இருக்குல்ல? இந்தியர்களுக்குக் கிடையாதுன்னு எழுதி ஒட்டியிருக்காங்கன்னா அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?"

"அண்ணே, அந்த அட்டை..."

"கூடப் பொறந்தவ பேரைப் புகார்ல எழுதச் சொல்றியா?" என்று ராமாத்தாள் குறுக்கே விழுந்தாள். "ஒருத்தன் கை போனது போதாதா? நீயும் லாக்கப்புக்குப் போகணுமா?" நிவேந்திரனும், "அக்கா பேரு வேணாம்ணே" என்றான். பாசத்தில்தான் சொன்னார்கள். பாசத்தில் செய்கிற காரியத்தை யாராலும் தடுக்க முடியாது. மனுவில் மேடம் லியோங் மிஷினைப் பிடித்தாள், நிவேந்திரன் கத்தினான், மேடம் சிரித்தாள் என்று எழுதியிருந்தது. சேகரனுக்கு எழுத்து நன்றாக வரும்.

முதல் அலுவலகத்தில், அது கிளினிக்காக இருந்தால் எங்கள் வேலை, கடை என்கிறீர்களே என்றார்கள். இரண்டாவதில் ஒருவர் மரியாதையாக விளக்கினார்: எக்ஸ்ரே என்றால் கதிர், அதற்குச் சட்டம் இருக்கிறது, இது வெளிச்சம். வெளிச்சத்துக்கு லைசன் கேட்டால் டார்ச் லைட்டுக்கும் கேட்க வேண்டும். அவரே அதற்குச் சிரித்துக்கொண்டார். மூன்றாவது, கடைகளுக்கு லைசன் கொடுக்கிற இடம். அங்கே மனுவை வாங்கி முத்திரை குத்தினார்கள்.

ஐந்து வாரம் கழித்து ஓர் அதிகாரி மாடி ஏறி வந்தார். கையில் நீளமான படிவம். முகம் கழுவும் தொட்டியைப் பார்த்தார், குறி போட்டார். துண்டுகள் சுத்தமா, குறி. தீயணைக்கும் சிலிண்டர், குறி. வெளியே போய்ப் பெயர்ப்பலகையை டேப் வைத்து அளந்தார். சீன எழுத்து மலாய் எழுத்தைவிட இரண்டு அங்குலம் பெரிதாக இருந்தது. அதற்கு அபராதச் சீட்டு எழுதினார். பின்னறைக்கு வந்து மிஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இது என்ன?"

"அழகு மிஷின், என்ச்சே," என்று மரியாதையாகச் சொன்னாள் மேடம்.

அதிகாரி குனிந்து வயரைப் பார்த்தார். பிளக்கில் மூன்று முள் இருந்தது. குறி போட்டார். பிறகு நிமிர்ந்து, கதவில் இருந்த அட்டையைப் படித்தார். அவர் முகம் முதல் தடவையாக மாறியது.

"இது கூடாது. இது ரொம்ப சென்சிடிஃப். இனம் சம்பந்தப்பட்டது. யார் எழுதினது?" நாலு மூலை டேப்பையும் நகத்தால் சுரண்டி அட்டையை எடுத்து, மனுவோடு சேர்த்துக் கிளிப் போட்டார். "இனிமே யாரையும் நிறத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. மறுபடி இந்த மாதிரி புகார் வந்தா லைசன் போயிரும்."

அனுசியா அதிகாரிக்கு முன்னால் வந்தாள். "என்ச்சே," என்றாள். "அந்த அட்டை இருக்கணும். கறுப்புத் தோல்ல இது பட்டா வெந்துரும். நான்தான் செஞ்சேன். அந்தப் பையன் என் தம்பி. மேடம் அன்னைக்குக் கடையிலயே இல்லை. இதுக்கு முன்னாலயும் ஒருத்தருக்கு நடந்திருக்கு, போட்டோ இருக்கு, அந்த இழுப்பறையில..."

மேடம் இழுப்பறைக்கு முன்னால் போய் நின்றாள்.

அதிகாரி படிவத்தைப் பார்த்தார், பிறகு மனுவைப் பார்த்தார். பொறுமையான மனிதர்தான். "இதில் முதலாளி செய்ததாக எழுதியிருக்கிறது. உங்கள் தம்பி கையெழுத்துப் போட்டிருக்கிறார். நீங்கள் முதலாளி செய்யவில்லை என்கிறீர்கள். முதலில் வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்." பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "அது இல்லாமல், மிஷின் தோலை என்ன செய்யும் என்பதற்கு இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை."

அவர் இறங்கிப் போன சத்தம் அடங்கும்வரை மேடம் இழுப்பறையை விட்டு நகரவில்லை. பிறகு அந்த மாதச் சம்பளத்தை எண்ணி அனுசியாவின் கையில் வைத்தாள். "நான் கிடையாதுன்னு சொன்னேன். நீங்க வேணும்னு புகார் குடுத்தீங்க. இப்போ கவர்மெண்டே குடுக்கச் சொல்லுது. குடுக்கறேன். நீ வீட்டுக்குப் போ." அதில் கோபம்கூட இல்லை.

இரண்டு வாரத்தில் தமிழ்ப் பத்திரிகையில் கால் பக்கத்துக்கு விளம்பரம் வந்தது. எல்லா நிறத்தவருக்கும், தமிழ் பேசும் பணியாளர் உண்டு. சேகரன் அதை வெட்டிக் கிளைக் கூட்டத்தில் காட்டினார். நம் இனத்துக்குக் கிடைத்த வெற்றி என்று கை தட்டினார்களாம். அனுசியா சிவப்புப் பேனாவில் ஒரு கடிதம் எழுதி அந்தப் பத்திரிகைக்குப் போட்டாள். வரவில்லை. கோமளா வீட்டுக்கே நடந்துபோய், "மகளை அனுப்பாதீங்கக்கா, வெந்துரும்" என்று சொன்னாள். "அன்னைக்கு வெளிய போன்னே. இன்னைக்கு வேலை போன வயித்தெரிச்சல்ல உள்ள போகாதேங்கிற" என்று கோமளா கதவுக்கு உள்ளே நின்றபடியே சொன்னாள். அந்தப் பெண் கடைக்குப் போனாள்.

மூன்று மாதம் முடிந்தபோது கை முழுக்க ஆறியிருந்தது. தொட்டால் வலியில்லை. மை ஒரு பொட்டுகூட மிச்சமில்லை, அவ்வளவு சுத்தமாக எடுத்திருந்தது. மை இருந்த இடத்தில் நிறமும் இல்லை. கறுத்த கையில் ஒரு வெள்ளைத் தேள், விளிம்பு தடித்து, கொடுக்கிலிருந்து கால்வரை ஒவ்வொன்றும் தெளிவாக. முன்பு பக்கத்தில் வந்தால்தான் தெரியும். இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

அனுசியா மறுபடி ஆயர் குரோவில் பழைய தொழிற்சாலைக்கே போய்விட்டிருந்தாள், பழைய இரவு ஷிப்டுக்கே. இரண்டாவது சோதனை நாளில் வேலை முடிந்து வந்து, தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு நிவேந்திரன் வந்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்தினான், ஹெல்மெட்டைக் கழற்றினான், சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டான்.

"டாக்டரம்மா இல்லை. வேற ஆளு," என்றான். "நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினான். ஒருத்தன் தொட்டுப் பார்த்தான். இது புது ஸ்டைலான்னு கேட்டான்."

"என்ன எழுதினாங்க?"

"பச்சை இருக்குன்னு எழுதலை. உடம்பில் குண்டர் குழு அடையாளம் இருக்குன்னு எழுதிட்டான். இனிமே கூப்பிட மாட்டாங்க."

உள்ளே அம்மா அழ ஆரம்பித்தாள். மருதமுத்து திரும்பாத கழுத்தோடு எழுந்து பின்பக்கம் போனார். கோட்டர்ஸ் என்ற வார்த்தை அந்த வீட்டில் அதற்குப் பிறகு வரவில்லை.

"ஒங்க பாக்டரியில ஆள் எடுக்குறாங்களா?" என்று நிவேந்திரன் கேட்டான்.

"எடுக்குறாங்க. நைட்டு ஷிப்டுக்கு."

"முழுக்கைச் சட்டை போடலாமா?"

"எல்லாருக்கும் முழுக்கைதான். தலைக்கும் உறை."

அவன் தலையாட்டினான். கையைத் திருப்பித் திருப்பி வெயிலில் பார்த்தான். தன்மேல் கோபம் இருக்கிறதா என்று அவள் அவன் முகத்தில் தேடினாள். இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"யக்கா, கறுப்பை எடுக்கத்தான் அது. வெள்ளையை எடுக்க ஏதாச்சும் மிஷின் இருக்கா?"

"தெரியலைடா."

"வந்தா சொல்லு," என்றான். சொல்லிவிட்டு உள்ளே போய் அம்மாவிடம் சோறு போடச் சொன்னான்.